தனியாளாக வீட்டுப் பழுதுவேலை செய்பவருக்குத் தொழில்முறைச் சங்கம் எதற்கு? (விவாத இழை)

கேள்வி: 3 மார்ச் 2025, காலை

நான் தனியாளாக வீட்டுப் பழுதுவேலைகள் செய்து பிழைப்பவன். ஒழுகும் குழாய், தொங்கிப்போன கதவு, பெயர்ந்த டைல், அலமாரி மாட்டுதல், சிறிய பெயின்ட் வேலை என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். எங்கள் தொழிலுக்கான சங்கம் ஒன்று என்னை உறுப்பினராகச் சேரச் சொல்கிறது. ஆண்டுச் சந்தா கட்டினால் ஒரு சான்றிதழ், வண்டியில் ஒட்டிக்கொள்ள ஒரு சின்னம், அவர்களுடைய இணையதளத்தில் என் பெயர் ஆகியவை கிடைக்குமாம். எனக்கு வரும் வேலைகள் எல்லாம் பழைய வாடிக்கையாளர்கள் நாலு பேரிடம் சொல்லி வருபவை. ஆகவே சந்தா வீண்செலவு என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு

சின்னம் வேலை கொண்டுவராது என்பதில் நான் உங்கள் கட்சி. இதே தொழிலில் பல ஆண்டுகளாகத் தனியாளாக இருக்கிறேன், சங்கத்திலும் நெடுநாள் உறுப்பினர். என்னை வேலைக்கு அழைத்தவர்களில் பெரும்பாலோர் நான் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவன் என்று கேட்டதே இல்லை.

ஆனால் சங்கத்தை வாடிக்கையாளர் பிடித்துத் தரும் இடமாக மட்டும் பார்த்தால் கணக்கு எப்போதும் நஷ்டத்தில்தான் முடியும். ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் பிளம்பருக்குச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு மேஸ்திரி இருக்கிறார், கூட வேலை செய்பவர் இருக்கிறார். தனியாளுக்கு அந்த இடத்தில் யாரும் இல்லை. வாடிக்கையாளர் தலைக்கு மேல் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது முடிவை அவரே எடுத்தாக வேண்டும்.

ஒரு வேலையைச் சொல்கிறேன். கைகழுவும் தொட்டியின் குழாயில் சொட்டு விழுகிறது, வாஷர் மாற்றினால் போதும் என்று அழைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தால் தொட்டிக்கு அடியில் இருந்த வால்வின் தண்டைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. அதைத் திருகி அடைத்தால்தான் வாஷரைக் கழற்ற முடியும், திருகினால் தண்டு முறிந்து வீடு முழுவதும் தண்ணீர் ஆகலாம். சங்கத்தில் அறிமுகமான மூத்தவர் ஒருவரை வெளியே வந்து தொலைபேசியில் கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: முதலில் வீட்டின் பிரதான வால்வைத் தேடு, அதை அடைத்து, வேறொரு குழாயைத் திறந்து, தண்ணீர் முழுவதும் நிற்கிறதா என்று பார், அது நின்ற பிறகுதான் இதில் கைவை, அதற்கும் முன்பாக, இந்த வால்வையும் மாற்ற நேரிடலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்று எழுதி வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கு. வால்வு முறியத்தான் செய்தது. தண்ணீர் வரவில்லை, கட்டணத்தில் தகராறும் வரவில்லை. அந்த ஆண்டுச் சந்தாவுக்கு அந்த ஒரு அழைப்பே ஈடு என்று இன்றும் கருதுகிறேன்.

5 மார்ச்

அதற்கு ஒரு நண்பர் போதுமே, சங்கம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. நண்பரால் தர முடியாத ஒன்று காப்பீடு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் தொழிலில் பெரும்பாலோர் பாலிசியை வாங்குகிறார்களே தவிர, படிப்பதில்லை.

மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்பீடு என்பது நம் வேலையால் பிறருடைய உடலுக்கோ உடைமைக்கோ ஏற்படும் சேதத்துக்கானது. நாம் செய்த வேலையே மோசமாக அமைந்துவிட்டால், அதைத் திரும்பச் செய்யும் செலவை அது பொதுவாகத் தராது. குளியலறைத் தரையில் டைலை நாம் சரியாக ஒட்டாததால் நீர் இறங்கிக் கீழ்வீட்டின் கூரை கெட்டுப்போனால், கூரைக்கு இழப்பீடு கிடைக்க வழியுண்டு; டைலைப் பெயர்த்து மறுபடி ஒட்டுவது நம் கைக்காசு. அதேபோல், எந்தப் பொருளில் நேரடியாகக் கைவைத்து வேலை செய்தோமோ அந்தப் பொருளுக்கு ஏற்படும் சேதத்தை விலக்கி வைக்கும் நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு. தீச்சுடரால் செம்புக் குழாயைப் பற்றவைப்பது போன்ற நெருப்பு வேலைகளுக்குத் தனி விதிகள் இருக்கும்: தீயணைப்பான் பக்கத்தில் இருக்க வேண்டும், வேலை முடிந்த பிறகும் குறிப்பிட்ட நேரம் அங்கேயே நின்று கண்காணிக்க வேண்டும். அதைச் செய்யாமல் வீட்டுக்குக் கிளம்பியவரின் கோரிக்கையை நிறுவனம் மறுக்கலாம். எவ்வளவு உயரத்தில் வேலை செய்யலாம் என்பதற்கும் வரம்பு வைப்பார்கள்.

நல்ல சங்கம் என்பது இந்தத் தொழிலில் உண்மையில் என்னென்ன வேலைகள் நடக்கின்றன என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எடுத்துச் சொல்லி, அவற்றை உள்ளடக்கிய பாலிசியைப் பேசி வாங்குகிறது. தனியாளாக விண்ணப்பிப்பவர் படிவத்தில் "பெயின்டர்" என்றோ "தச்சர்" என்றோ ஏதோ ஒரு கட்டத்தில் குறியிடுகிறார். பிறகு அவர் செய்த குழாய் வேலையில் சேதம் வரும்போது, அறிவிக்காத தொழில் என்று அது தள்ளுபடியாகிறது. பல வேலைகளையும் கலந்து செய்பவர்கள் என்பதால் நமக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

6 மார்ச்

நேற்று எழுதியதோடு ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும் என்று இரவு முழுவதும் தோன்றிக்கொண்டே இருந்தது. பாலிசிகளில் இரண்டு வகை உண்டு. சேதம் நிகழ்ந்த நாளில் பாலிசி நடப்பில் இருந்தால் போதும் என்பது ஒன்று. இழப்பீடு கேட்டு நம்மீது கோரிக்கை எழும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. சங்கத்தின் கூட்டுப் பாலிசி இரண்டாவது வகையாக இருந்தால், உறுப்பினர் பதவியை விட்டு விலகும் நாளிலேயே, அதுவரை செய்து முடித்த எல்லா வேலைகளுக்குமான பாதுகாப்பும் போய்விடலாம். சிலவற்றில் விலகிய பிறகும் சில ஆண்டுகளுக்குக் கூடுதல் தொகை கட்டி நீட்டித்துக்கொள்ள வழி இருக்கும். கூட்டுப் பாலிசி மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்லும் சங்கத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். வாய்மொழிப் பதிலை ஏற்கவே கூடாது.

9 மார்ச், காலை

இன்னொரு அன்பர், ஹேண்டிமேன் (நம்மைப் போல் சில்லறைப் பழுதுவேலை செய்பவர்) தொழிலுக்கு லைசென்ஸே தேவையில்லை, பிறகு சங்கம் எதற்கு என்று எழுதியிருக்கிறார். லைசென்ஸ் தேவையில்லை என்பது முழு உண்மையாக இல்லை. எந்த எல்லை வரை தேவையில்லை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அந்த எல்லை ஊருக்கு ஊர் மாறுகிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் இல்லாமல் செய்யக்கூடிய வேலையின் உச்சவரம்பு, கூலியும் பொருளும் சேர்த்து நெடுங்காலமாக 500 டாலராக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது 1,000 டாலர் ஆகியிருக்கிறது. ஆனால் கட்டட அனுமதி தேவைப்படும் வேலை என்றாலோ, வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டாலோ அந்தச் சலுகை கிடையாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கட்டட வேலைகளுக்குப் பொதுவான வரம்பு 3,300 ஆஸ்திரேலிய டாலர். நியூ சவுத் வேல்ஸில் 5,000. இந்த இரண்டு ஆஸ்திரேலிய மாநிலங்களிலும் குழாய், மின்சாரம், எரிவாயு போன்றவற்றுக்கு இந்த வரம்புகள் பொருந்துவதில்லை. தொகை எவ்வளவு சிறிதானாலும் உரிமம் வேண்டும். ஜெர்மனியின் கதையே வேறு: 2004இல் 53 கைத்தொழில்களுக்கு மாஸ்டர் தகுதி (தேர்வு எழுதிப் பெறும் மேல்நிலைத் தொழில் சான்று) கட்டாயமில்லை என்று தளர்த்தினார்கள், 2020இல் டைல் ஒட்டுதல் உள்ளிட்ட 12 தொழில்களுக்கு அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அங்கே கைத்தொழில் செய்பவர் தொழில்மன்றத்தில் உறுப்பினராவது விருப்பத்தைப் பொறுத்ததும் இல்லை, சட்டப்படி கட்டாயம்.

பகல் முழுவதும் ஏணிமேல் நிற்கும் ஒருவர் இந்த மாற்றங்களை எல்லாம் எப்படித் தெரிந்துகொள்வார்? அரசு அவருக்குத் தனியாகக் கடிதம் எழுதப்போவதில்லை. தன் பகுதியின் விதி மாறிய அன்றே அதை எளிய மொழியில் உறுப்பினர்களுக்கு எழுதி அனுப்பும் சங்கம் எனக்கு வேண்டும்.

9 மார்ச், மாலை

பெரிய வேலையை மூன்று சிறிய ரசீதுகளாகப் பிரித்துவிட்டால் வரம்புக்குள் வந்துவிடுமே என்று கேட்டவருக்கு: கலிஃபோர்னியாவின் சட்டம் அதை வெளிப்படையாகத் தடுத்திருக்கிறது. பெரிய வேலையின் ஒரு பகுதியாக இருந்தால், அந்தப் பகுதியின் தொகை சிறியதாக இருந்தாலும் சலுகை கிடையாது. இந்த யோசனையைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். பிடிபட்டால் அபராதம் ஒருபுறம் இருக்க, லைசென்ஸ் இல்லாமல் செய்த வேலைக்கு நீதிமன்றத்தில் கூலி கேட்கும் உரிமையையே பல இடங்களில் இழக்க நேரிடும்.

10 மார்ச்

விதிகளைப் பற்றி எழுதும்போது பணத்தைப் பற்றி மட்டுமே எழுதிவிட்டேன். உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்க வாய்ப்புண்டு என்பதால், உள்ளே ஓர் அறையில் 6 சதுர அடிக்கு மேல் பழைய பெயின்ட்டைக் கலைக்கும் வேலையைக் கூலிக்குச் செய்பவர்கள், பயிற்சி பெற்றுச் சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இது பெரிய ஒப்பந்ததாரர்களுக்கு மட்டுமானது என்று நினைப்பவர்கள் அதிகம். தனியாளாகச் சுரண்டித் தேய்ப்பவருக்கும் இது பொருந்தும். பிரிட்டனில், நுரையீரலைக் கெடுக்கும் நார்க் கனிமமான ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். அதற்கு முந்தைய வீட்டில், அது கலந்திருக்கக்கூடிய சொரசொரப்பான அலங்காரப் பூச்சு போட்ட கூரையில் விளக்கு மாட்ட ட்ரில் போடும்போது, கண்ணில் விழுவது வெறும் சுண்ணாம்புத் தூள்தானா என்று யோசித்திருப்போமா? சங்கங்கள் நடத்தும் வகுப்புகளில் நான் மிகவும் மதிப்பது இவற்றைத்தான். தூசி உடலில் செய்யும் வேலை தெரியவரப் பல ஆண்டுகள் ஆகும். தனியாக வேலை செய்பவரை அதற்குள் எச்சரிக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

14 மார்ச்

"சங்கம் எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்று நிர்ணயித்தால் நாம் அடிமாட்டு விலைக்கு வேலை செய்ய வேண்டியிராதே" என்ற கருத்தைப் படித்தேன். அந்த வேதனை எனக்குப் புரிகிறது. பாதி விலைக்கு நான் செய்கிறேன் என்று வந்து நிற்பவரைப் பார்த்து நானும் மனம் நொந்திருக்கிறேன். இருந்தாலும், தனித்தனியாகத் தொழில் நடத்துபவர்கள் கூடி விலை நிர்ணயிப்பதைப் பெரும்பாலான நாடுகளின் போட்டிச் சட்டங்கள் தடைசெய்கின்றன. அமெரிக்காவில் வழக்கறிஞர் சங்கம் ஒன்று வைத்திருந்த குறைந்தபட்சக் கட்டணப் பட்டியலே சட்டவிரோதம் என்று 1975இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கறிஞர்களுக்கே அதுதான் நிலைமை.

ஆனால் விலையைக் கணக்கிடும் முறையைச் சொல்லித்தருவதை யாரும் தடுக்கவில்லை. ஒருவர் வாரத்தில் 45 மணி நேரம் உழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பயணம், பொருள் வாங்குதல், மதிப்பீடு பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புதல், கணக்கு எழுதுதல் எல்லாம் போக, 27 மணி நேரத்துக்குத்தான் அவரால் கூலி வாங்க முடிகிறது. உழைத்த ஒவ்வொரு மணிக்கும் 100 கிடைக்க வேண்டும் என்றால், எந்த நாணயமாக இருந்தாலும், கூலி வாங்கும் மணிக்கு அவர் ஏறக்குறைய 167 கேட்டாக வேண்டும். கருவித் தேய்மானம், எரிபொருள், காப்பீடு, நோய்வாய்ப்படும் நாட்கள் ஆகியவை இதில் இன்னும் சேரவில்லை. எங்கள் சங்கக் கூட்டத்தில் இந்தக் கணக்கை முதல்முறையாகத் தன் சொந்த எண்களைக் கொண்டு போட்டுப் பார்த்த இளைஞர் ஒருவர், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இத்தனை நாளும் எரிபொருள் செலவை நான்தான் வாடிக்கையாளருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேனா என்று கேட்டார். அடுத்த மாதம் அவருடைய மதிப்பீட்டுத் தாளில் வருகைக் கட்டணம் என்று தனி வரி இருந்தது.

17 மார்ச்

சின்னத்துக்குத் திரும்பி வருகிறேன். வேலை கொண்டுவராது என்று முதல் நாள் ஒத்துக்கொண்டதில் மாற்றமில்லை. ஆனால் எல்லாச் சின்னங்களும் ஒன்றா என்ற கேள்வி என்னை விடவில்லை.

பிரிட்டனில் எரிவாயு வேலை செய்பவர்களுக்கு 2009 ஏப்ரல் 1 முதல் கேஸ் சேஃப் பதிவேடு இருக்கிறது. பதிவு செய்யாமல் கூலிக்கு அந்த வேலையைச் செய்வது சட்டவிரோதம். ஒவ்வொருவருக்கும் புகைப்படம் பதித்த அட்டை தருகிறார்கள். அட்டையின் பின்புறத்தில் அவர் எந்தெந்தக் கருவிகளில் வேலை செய்யத் தகுதி பெற்றிருக்கிறார் என்று பட்டியலிட்டிருக்கிறது, வீட்டுக்காரர் திருப்பிப் பார்க்கலாம். அந்தச் சின்னம் ஒரு செய்தியைச் சொல்கிறது. பணம் கட்டிய எவருக்கும் மறுநாளே தபாலில் வரும் சின்னம் எதையும் சொல்வதில்லை.

எனவே ஒரு சங்கத்தை எடைபோட நான் பார்ப்பது, அது உறுப்பினரிடம் என்ன கேட்கிறது என்பதைத்தான். சேருமுன் செய்து முடித்த வேலைகளை நேரில் பார்க்கிறார்களா? காப்பீடு நடப்பில் இருப்பதை ஆண்டுதோறும் சரிபார்க்கிறார்களா? புகார் வந்தால் விசாரிக்க ஏற்பாடு இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, இதுவரை யாரையாவது நீக்கியிருக்கிறார்களா? ஒருவரைக்கூட நீக்காத சங்கத்தில் எல்லோருமே உத்தமர்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. சந்தா வருமானத்தை இழக்க அவர்கள் தயாராக இல்லை என்றுதான் நினைப்பேன்.

18 மார்ச்

இணையத்தில் வாடிக்கையாளர்கள் எழுதும் மதிப்புரைகளே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன என்கிறீர்கள். ஓரளவு செய்கின்றன. சொன்ன நேரத்துக்கு வந்தாரா, பேச்சு மரியாதையாக இருந்ததா, தரையைத் துடைத்துவிட்டுப் போனாரா என்பதை மதிப்புரை சரியாகச் சொல்லும். டைலுக்குப் பின்னால் நீர்த்தடுப்புப் பூச்சு பூசப்பட்டதா என்பதை வீட்டுக்காரர் பார்த்திருக்க வழியில்லை, ஆகவே அதைப் பற்றி எந்த மதிப்புரையும் இருக்காது.

புகார் விசாரணையில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன். விசாரணைக்கு வந்த தகராறுகளில் வேலையின் தரத்தைவிட, எது வேலையில் அடங்கும், எது அடங்காது என்று எழுதி வைக்காததுதான் பெரும்பாலும் காரணமாக இருந்தது. கதவைச் சரிசெய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். கீலை மாற்றினால் போதும் என்று அவர் எண்ணினார், கதவின் மரச்சட்டத்துக்கும் பெயின்ட் அடித்துத் தருவார் என்று வீட்டுக்காரர் எண்ணினார். இருவரும் நேர்மையானவர்கள், இருவரும் கோபத்தில் இருந்தார்கள். ஒரு பக்க ஒப்பந்தத் தாள் இருந்திருந்தால் அந்தப் புகாரே வந்திருக்காது. வேலையின் விவரம், அடங்காதவை, முன்பணம், இடையில் வேலை கூடினால் எழுத்தில் ஒப்புதல், சேதத்தைத் தெரிவிக்கும் கால வரம்பு ஆகியவற்றைக் கொண்ட அப்படி ஒரு தாளை, உள்ளூர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கொண்டு எழுதவைத்து உறுப்பினர்களுக்குத் தருவது சங்கத்துக்குச் சிறிய செலவு. தனியாளுக்கு அது பெரிய செலவு.

24 மார்ச்

சில நாட்களாக எழுத முடியவில்லை. இதற்கிடையில் வந்த ஒரு கேள்வி என்னை மிகவும் யோசிக்கவைத்தது: பெரிய சங்கம் எதுவும் இல்லாத பகுதியில் இருப்பவர் என்ன செய்வது?

ஐந்தாறு பேர் சேர்ந்தாலே போதும் என்பது என் அனுபவம். தனியாள் தொழிலின் மிகப் பெரிய பலவீனம், அந்த ஆள் படுத்துவிட்டால் தொழிலும் படுத்துவிடும் என்பதே. என் வலது மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது, ஒரு வீட்டில் பாதி பெயர்த்த குளியலறைத் தரை அப்படியே கிடந்தது. சக உறுப்பினர் ஒருவர் அதை முடித்துக்கொடுத்து, மீதி வேலைக்கான கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார். அந்த வாடிக்கையாளர் பிறகு அவரை நேரடியாக அழைத்தபோது, என் ஆள் என்று சொல்லி என்னிடமே அனுப்பிவைத்தார். இதை நான் அவருடைய பெருந்தன்மை என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் இரண்டு ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எங்களுக்குள் முன்பே எழுதி வைத்திருந்தோம். எழுதி வைத்திருந்ததால்தான் தயக்கமில்லாமல் உதவி கேட்க முடிந்தது.

பிறகு சங்கடம் வராமல் இருக்க, வேலையைக் கைமாற்றும்போது மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிடுவது நல்லது: இனி வரும் குறைகளுக்கு யார் பொறுப்பு, வாங்கிய முன்பணத்தில் யாருக்கு எவ்வளவு, வாடிக்கையாளருக்கு இதை யார் சொல்வது. பாதி வேலையை ஏற்பவர் தொடங்குமுன் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை நடந்த வேலைக்கு அவர் பொறுப்பாளியாகிவிடக் கூடாது.

25 மார்ச்

நேற்றைய குறிப்பின்மேல் ஒரு திருத்தம். ஐந்தாறு பேர் போதும் என்று எழுதியது கைமாற்றுக்கும் ஆலோசனைக்கும் சரி. காப்பீட்டுக்கும், சட்டம் இயற்றுபவர்களிடம் பேசுவதற்கும் அது போதாது. லைசென்ஸ் வரம்பை உயர்த்தச் சொல்லியோ, பழைய வரம்பு விலைவாசிக்குப் பொருந்தவில்லை என்றோ எடுத்துச்சொல்ல எண்ணிக்கை பலம் வேண்டும். பெரிய ஒப்பந்ததாரர்களின் சங்கங்கள் ஏற்கெனவே அங்கே அமர்ந்து பேசிக்கொண்டிருக்கின்றன; அவர்களுடைய நலனும் நம்முடைய நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

2 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் அந்தச் சங்கத்தின் கூட்டத்துக்கு நேரில் போய்வந்ததாக எழுதியிருக்கிறார். மாதிரி ஒப்பந்தத் தாள் ஒன்று வைத்திருக்கிறார்கள், சந்தேகம் கேட்க மூத்தவர்கள் இருவர் பொறுப்பேற்றிருக்கிறார்கள், சென்ற ஆண்டு ஒருவரைப் புகாரின் பேரில் நீக்கியிருக்கிறார்கள் என்கிறார். இவை நல்ல அறிகுறிகள். வேலை கொண்டுவரும் என்று அவர்கள் உறுதி சொல்லவில்லை என்பதையும் நான் நல்லதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கூட்டுப் பாலிசியைப் பற்றி மட்டும் செயலாளர் "பார்த்துச் சொல்கிறேன்" என்றாராம். அவர் பார்த்துச் சொல்லும் வரை உங்களுடைய இப்போதைய பாலிசியை நிறுத்த வேண்டாம். சங்கத்தில் இப்போதே சேரலாம், காப்பீட்டை அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை. விலகிய பிறகும் பழைய வேலைகளுக்குப் பாதுகாப்பு எத்தனை ஆண்டு தொடரும் என்பதைக் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். கடிதம் கைக்கு வந்ததும் அதில் உள்ள வாசகத்தை இங்கே போடுங்கள். படித்துப் பார்த்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.